வலது ஷூ

வெளியூர்க்காரர்கள் கொத்தவரங்காய் என்று சொல்கிற சீனியவரைக்காயை ஷூவுக்குள் நிற்க வைப்பது மாரீஸ்வரி நினைத்ததைவிடச் சிரமமாக இருந்தது. மொத்தமாக வைத்தால் கட்டிவைத்த கீரை மாதிரி விறைத்து நின்றது. தனித்தனியாக வைத்தால் சரிந்து விழுந்தது. கடைசியில் செய்தித்தாளைக் கசக்கி ஷூவுக்குள் திணித்து, அதில் ஒவ்வொரு காயாகக் குத்தி வைத்தாள். கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லின்மேல் மஞ்சள் சார்ட் அட்டையை விரித்து, மறுபாதியை மடிப்பு விழாமல் வளைத்துச் சுவரோடு சாய்த்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, அவசரமில்லை. வெயில் மதிலைத் தாண்டி ஏறி, அட்டையில் நிழல் கூர்மையாக விழட்டும் என்று காத்திருந்தாள். ஷூ நல்ல சிவப்பு. வீட்டு ஓனர் இரும்புக் கேட்டுக்கு அடித்தது போக டப்பாவில் விட்டுவைத்திருந்த பெயிண்டை எடுத்து அவளே பூசிக் காய வைத்தது. அதற்கு முன்பு அது பழுப்புத் தோல் ஷூ. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் முத்துக்கண்ணனுடையது. வலது காலுக்கானது. அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே இப்போது அவனுக்கு இல்லை.

மாரீஸ்வரி காரைக்குடி செக்காலை ரோட்டில் கலீல் ரகுமானின் ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறாள். கல்யாணம், காதுகுத்து என்று வருகிற படங்களில் ஆட்களை வெட்டியெடுத்து, அவர்கள் போயே இராத மலைகளையும் மாளிகைகளையும் பின்னால் ஒட்டுவது அவள் வேலை. கறுத்த பெண்ணை வெளுப்பாக்க வேண்டும். கோபித்துக்கொண்டு வராமல் போன தாய்மாமனை வேறொரு விசேஷத்துப் படத்திலிருந்து கொண்டுவந்து வரிசையில் நிறுத்த வேண்டும். ஏதோ ஒரு பின்னணி நிறம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் போர்த்துக்கல்காரி ஒருத்தி எடுத்து இணையத்தில் போட்டிருந்த படங்கள் கண்ணில் பட்டன. ஒரு படத்திலும் ஆட்கள் கிடையாது. நீலச் சுவருக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றது. வரிசையாக நின்ற முட்டைகளில் ஒன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது போலிருந்தது. முட்டைக்கு ஏது முகமும் முதுகும் என்று அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது. வீட்டில் சிரிப்பு என்ற ஒன்று நின்றுபோயிருந்த காலம் அது. கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து சிரித்தது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக வீட்டில் செய்து பார்க்கத் தொடங்கினாள். அங்கே அத்திப்பழம் என்றால் இங்கே கத்தரிப்பிஞ்சு. அங்கே நீளக்கால் வைத்த கண்ணாடிக் கோப்பை என்றால் இங்கே கவிழ்த்துவைத்த எவர்சில்வர் டம்ளர். தரைக்கு ஒட்டியது போக மீந்து கிடந்த ஆத்தங்குடி டைல்ஸ் ஒன்று மேசையாக உதவியது. படம் எடுத்து முடிந்ததும் காய்கள் குழம்புக்குப் போய்விடும். கோயம்புத்தூரில் படிக்கிற மகள்தான் படங்களை இணையத்தில் போட அவளுக்குப் போனில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தாள். முத்துக்கண்ணன் முதல் தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, கத்திரிக்காய்க்கு ஆல்பம் போடுறியா?" என்றான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. படம் எப்படி இருக்கிறது என்று அவளும் அவனிடம் காட்டவில்லை. ஒருநாள் தானாகக் கேட்பான் என்று மட்டும் இருந்தது.

அவன் சென்னைக்குப் போகும் ராத்திரி பஸ்ஸை வருஷக்கணக்காக ஓட்டியவன். மற்ற டிரைவர்கள் ரப்பர் செருப்போடு ஏறுவார்கள். அவன் மட்டும் வெள்ளைச் சட்டையும் பழுப்பு ஷூவுமாகத்தான் வண்டியில் ஏறுவான். சாயங்காலம் கிளம்புமுன் அவன் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற அழகைப் பார்த்து அவள் ஒருகாலத்தில் சந்தோஷப்பட்டிருக்கிறாள். வழிநெடுகத் தேநீர் குடிப்பான், சீனி தூக்கலாக. சுகர் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் அப்படித்தான். அவள் சொன்னால், "தூக்கம் வந்தா நாப்பது பேரு போயிருவாக, பரவால்லையா?" என்று சிரிப்பான். கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. விரலை எடுத்தார்கள், பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டு மாற்றியவள் அவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் கொஞ்சநாள் இரண்டு ஷூவுக்கும் பழையபடி பாலிஷ் போட்டான். "கால் வரட்டும்" என்பான். மதுரையில் ஒரு இடத்தில் செயற்கைக் காலுக்கு எழுதிக்கொடுத்து அளவும் எடுத்திருந்தார்கள். கால் வந்ததும் வண்டி எடுக்கப்போவதாகப் பேசினான். வண்டி முதலாளி அவளிடம் போனில் முன்பே சொல்லிவிட்டிருந்தார். "கட்டைக்கால் டிரைவர்னு தெரிஞ்சா எவன் தாயி ஏறுவான்?" அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. ஒருநாள் அவன் பாலிஷ் போடுவதை நிறுத்தினான். ஷூக்கள் அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போயின. அவனும் மனசை விட்டுவிட்டான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கேட்டுத் தெரிந்துகொண்டது இல்லை. எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

போர்த்துக்கல்காரியின் படத்தில் இருந்தது புத்தம்புது சிவப்பு ஷூ. அதற்குள் ஏதோ பச்சைத் தண்டுகள் பூங்கொத்து மாதிரி நின்றன. காரைக்குடிச் சந்தையில் அந்தத் தண்டு கிடைக்காது. மாரீஸ்வரி எடுத்த படத்தைப் போன் திரையில் பார்த்தபோது, முதல்முறையாக அசலைவிடத் தன்னுடையது நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பெயிண்டுக்கு அடியில் ஷூ பழையதுதான். விரல்கள் இருந்த இடம் புடைத்திருந்தது. பாதம் மடங்குகிற இடத்தில் சுருக்கங்கள். குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்து, பக்கத்தில் பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிற தாத்தா போட்டுக்கொடுத்த தையல் வரி ஓடியது. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டு நின்றன. படத்தைப் போட்டுவிட்டு, ஷூவைத் துணியில் சுற்றிப் பரணில் அதன் ஜோடியோடு வைத்தாள். காய்களைப் பருப்புசிலி செய்தாள். முத்துக்கண்ணன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அந்தப் படத்தைப் போர்த்துக்கல்காரி பார்த்துவிட்டாள். பார்த்ததோடு நிற்காமல் தன் பக்கத்தில் எடுத்துப் போட்டு, நான்கு வரி எழுதியிருந்தாள். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் வந்து இதயம் போட்டார்கள். மாரீஸ்வரி ஸ்டுடியோவில் வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்த்துக்கல்காரி அவளுக்குத் தனியாகவும் ஒன்று எழுதியிருந்தாள். போனே அதைத் தமிழாக்கிக் காட்டியது. 'இந்தக் காலணியில் ஒரு கால் வாழ்ந்திருக்கிறது. அது யாருடையது?'

என் கணவருடையது என்று எழுதி அழித்தாள். அப்படி எழுதினால் அடுத்த கேள்வி வரும். அவருக்கு என்ன ஆயிற்று, அவர் என்ன சொன்னார். 'பழைய சாமான் கடையில் கிடைத்தது' என்று எழுதினாள். அனுப்பிய பிறகு போய்த் தண்ணீர் குடித்தாள்.

கலீல் ரகுமானுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம ஸ்டுடியோ புள்ள எடுத்ததும்மா இது. கல்யாணப் பொண்ணுகளையே மாட்டிவச்சு எனக்கும் அலுத்துப்போச்சு" என்று கடைக்கு வந்தவர்களிடம் சொல்லி, ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டு முன்பக்கக் கண்ணாடிக்குள் வைத்தார். வேண்டாம் என்ற சொல் அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் அந்தச் சிவப்பு அவ்வளவு பெரிதாகச் செக்காலை ரோட்டுக்கு எதிரே நிற்பதைப் பார்த்தபோது, சொல்லத் தோன்றவில்லை.

முத்துக்கண்ணனின் அக்கா பாண்டீஸ்வரி கொத்தமங்கலத்தில் இருக்கிறாள். பாஸ்போர்ட் படம் எடுக்க ஸ்டுடியோவுக்கு வந்தவள், படம் எடுக்காமலே ஆட்டோ பிடித்து நேராக வீட்டுக்கு வந்தாள். அன்று மாரீஸ்வரிக்கு விடுமுறை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"அந்த ஷூ யாருது மாரீஸ்வரி?"

மாரீஸ்வரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தம்பி ஷூ எனக்குத் தெரியாதா? குதிகால்ல தச்ச தையலு அப்படியே தெரியுது."

"சும்மா பரண்ல கெடந்துச்சு மதினி. வெளையாட்டா..."

"வெளையாட்டா?" பாண்டீஸ்வரி குரலை உயர்த்தவில்லை. அதுதான் மாரீஸ்வரிக்குப் பயமாக இருந்தது. "சீனியில காலப் பறிகொடுத்தவன் ஷூவுக்குள்ள சீனியவரைக்காயச் சொருகி, ரோட்டுல மாட்டி வச்சிருக்க. போறவன் வாறவன்லாம் பாத்துட்டுப் போறான். அவன் என்னடி பாவம் பண்ணுனான் ஒனக்கு?"

"அய்யோ, அந்தப் பேரு எம் மனசுலயே வரல மதினி. சத்தியமா வரல."

"விடுக்கா." முத்துக்கண்ணன் நாற்காலியிலிருந்து சொன்னான். தெருவைப் பார்த்தபடியே இருந்தான். "நான் பாத்துட்டேன். முத்தரசு அன்னைக்கே போன்ல அனுப்பிட்டான். ஒங்க வீட்ல எடுத்த படம் வெளிநாட்டுல ஓடுதாம்லண்ணேன்னு."

முத்தரசு அவனோடு அதே பஸ்ஸில் மாற்று டிரைவராகப் போனவன். அன்றைக்கே என்றால் எத்தனை வேளைச் சோறு அவள் பரிமாற, இவன் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான் என்று மாரீஸ்வரிக்கு மனசில் ஓடியது. ஒருவேளைகூட முகம் மாறவில்லை. பாண்டீஸ்வரி தம்பியின் பக்கத்தில் போய் நின்றாள். அவன் தோளில் கையை வைத்தாள். காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

மாரீஸ்வரி அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். சீனியவரைக்காய் என்று தினமும் வாயால் சொல்கிற பெயர், அதில் சீனி இருப்பது யாருக்கு நினைவு வரும் என்று தனக்குள் வாதாடினாள். வாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகுதான், அந்த ஞாயிற்றுக்கிழமை காய்க்கூடையில் பீன்ஸும் இருந்தது ஞாபகம் வந்தது. நீளமாக, நேராக, போர்த்துக்கல்காரியின் தண்டுக்கு இன்னும் பொருத்தமாக. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவள் பீன்ஸைத் திரும்ப வைத்திருந்தாள். எதற்காக என்று யோசித்தாள். நெடுஞ்சாலையில் வாங்கிக் குடித்த அத்தனை தேநீரும், அவன் சிரிப்பும், கட்டு மாற்றும்போது வந்த வாடையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதற்குமேல் யோசிக்க அவளுக்குத் துணிவு இல்லை. அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே திரும்பவும் துடைத்தாள்.

ஹாலிலிருந்து கூப்பிட்டான். "யாரு ஷூன்னு அந்த வெளிநாட்டம்மா கேட்டுச்சா?"

"கேட்டாக."

"என்ன சொன்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய்யைப் பற்றியே இன்னொரு பொய் சொல்ல வரவில்லை. "பழைய சாமான் கடையில கெடச்சதுன்னு சொல்லிட்டேன்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கணக்கு சரியாக வந்ததுபோல. "சரியாத்தான் சொல்லியிருக்க" என்றான்.

மறுநாள் அவள் கலீல் ரகுமானிடம் படத்தை எடுத்துவிடச் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. "அதப் பாத்துத்தானம்மா ரெண்டு பேரு உள்ள வாராக. பாக்குறவுகளுக்கு அது ஒரு ஷூ. இந்தக் கல்யாண சீசன் முடியட்டும்" என்றார். ஏன் என்று சொன்னால் எடுத்திருப்பார். சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பெயிண்டைக் கரைக்க டர்பன்டைன் வாங்கிவந்து, கொல்லைப்பக்கம் உட்கார்ந்து ஷூவைத் துடைத்தாள். சிவப்பு கொஞ்சம் இளகித் துணியில் ஒட்டியது, அடியில் தோல் வெளுத்துப் பொருக்குத் தட்டியது. கத்தி முனையால் சுரண்டினாள். ஊன்றுகோல் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அவன் கதவில் சாய்ந்து நின்றான்.

"சொரண்டாத. தோலு போயிரும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "முதலாளி வண்டி தரமாட்டேன்னு அப்பவே எங்கிட்ட சொல்லிட்டாருங்க. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"நீ பெயிண்ட் அடிச்சப்பவே சொல்லிட்டியே" என்றான். ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான்.

அந்த வாரமே மதுரையிலிருந்து போன் வந்தது. கால் தயாராகிவிட்டது, வந்து நடந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். குதிகால் உயரம் சரிபார்க்க வேண்டும், வழக்கமாகப் போடுகிற ஷூ இரண்டையும் கொண்டுவர வேண்டும் என்றார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். மாரீஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே கடை இருக்குங்க. புதுசா ஒரு ஜோடி வாங்கிருவோம்" என்றாள்.

"எதுக்கு? ஷூ இருக்குல்ல."

"அத எப்படிங்க போட்டுட்டு..."

"படத்துல ஊரே பாத்துருச்சு. நேர்லயும் பாக்கட்டும்."

அவள் கெஞ்சிப் பார்த்தாள். கலீல் பாயிடம் சொல்லித் தோல் வேலைக்காரரிடம் கொடுத்துப் பழுப்பு பூசித் தருவதாகச் சொன்னாள். அழுதும் பார்த்தாள். அவன் இடதுகால் ஷூவைக் கேட்டு வாங்கி, பிரஷ்ஷை எடுத்து நிதானமாகப் பாலிஷ் போட ஆரம்பித்தான். வலது ஷூவைத் தொடவில்லை.

வீடு இருக்கிற கழனிவாசலிலிருந்து ஆட்டோ செக்காலை ரோடு வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. ஸ்டுடியோ நெருங்கியதும் நிறுத்தச் சொன்னான். இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே குனிந்து, கண்ணாடிக்குள் நின்ற அந்தப் பெரிய படத்தைப் பார்த்தான். போன் திரையில் தவிர அவன் அதைப் பார்த்ததில்லை. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். முத்துக்கண்ணன் நகரச் சொல்லவில்லை. படத்தின் மூலைமூலையாக அவன் கண் போய் வருவதை மாரீஸ்வரி பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான். பிறகு ஆட்டோக்காரரிடம், "போங்க" என்றான்.

முதல் கத்தரிப்பிஞ்சிலிருந்து அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை அது. மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி வந்தாள்.

மதுரையில் ஷூக்களைப் பையிலிருந்து எடுத்து வைத்தபோது, கால் பொருத்துகிற பெண் ஒரு கணம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். "ரெண்டும் வேற வேற கலரா சார்?" என்றாள்.

"எங்க வீட்ல போட்டோகிராபர்" என்றான் முத்துக்கண்ணன்.

அந்தப் பெண் அது வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். செயற்கைப் பாதத்தைச் சிவப்பு ஷூவுக்குள் செலுத்தி, குதிகாலில் கையைக் கொடுத்து அழுத்திப் பொருத்தினாள். புடைப்பும் சுருக்கமும் அந்தப் பாதத்துக்குப் பொருந்தவில்லை. தோல் இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டு நின்றது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவனை நடக்க விட்டார்கள். வியர்த்துக் கொட்டியது. கைப்பிடியை விடச் சொன்னபோது விட்டான், சாய்ந்தான், திரும்பவும் பிடித்தான். அறையில் இருந்த மற்றவர்கள் தங்கள் வலியை மறந்து அவன் கால்களையே பார்த்தார்கள். மாரீஸ்வரி சுவரோரம் நின்று, யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை.

புதுக் காலைப் போட்டபடியே ஏறிய சாயங்கால பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. மேலூர் வரைக்கும் கூட்டம். அதன் பிறகு ஆட்கள் இறங்கி, ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் பஸ்ஸின் தகரத் தரைவரை வந்து விழுந்தது. முத்துக்கண்ணன் கம்பிக்கு அப்பால் டிரைவரையே பார்த்துக்கொண்டு வந்தான். டிரைவர் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இவனுடைய இடதுகால் தானாகத் தரையை அழுத்தி விடுவதை அவள் கவனித்தாள். பாலிஷ் போட்ட பழுப்பு ஷூ அழுந்தும், எழும்பும். பக்கத்தில் சிவப்பு ஷூ வைத்த இடத்தில் இருந்தது. அவனுக்கு அது தெரிந்திருக்குமா என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருப்பத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் மாடு ஒன்று குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை அழுத்தினார். பின் இருக்கைக்காரியின் பை சரிந்து எலுமிச்சம்பழங்கள் பஸ் முழுக்க உருண்டன. பைக்காரியும் கண்டக்டரும் குனிந்து பொறுக்கினார்கள். ஒன்று மட்டும் உருண்டு வந்து சிவப்பு ஷூவின் புடைப்பில் முட்டி நின்றது. வெயில் சரியாக அதன்மேல் விழுந்தது. பழத்தின் நிழல் ஷூவின்மேல் ஏறி மடிந்திருந்தது. மாரீஸ்வரியின் கை பைக்குள் இருந்த போன்மேல் போயிருந்தது. எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது.

முத்துக்கண்ணன் பழத்தைப் பார்த்தான். கணுக்காலைத் திருப்பி அதைத் தள்ள முயன்றான். தொடை அசைந்தது. ஷூ அசையவில்லை.

"எடு" என்றான், அவளைப் பார்க்காமல்.

பழத்தையா, படத்தையா, எதை எடுக்கச் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் முடியவில்லை. குனிவதா, பையிலிருந்து கையை வெளியே எடுப்பதா என்று அவள் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே பஸ் வளைவில் திரும்பியது. பழம் ஷூவை விட்டு விலகி, தகரத்தின் வரிகளில் தட்டித் தட்டிப் படிக்கட்டுப் பக்கம் உருண்டுகொண்டே போனது.